ஒற்றைச் செதிலில் ஹைட்ரஜன்: நுண் மின்வேதிக் கலம் செய்வது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் வழியில் பள்ளி முடித்து, இப்போது எம்எஸ்சி படிக்கும் தம்பி தங்கைகளுக்காக, ஒரே ஒரு மெல்லிய படிகச் செதிலில் ஹைட்ரஜன் உண்டாவதை அளக்கும் நுண் மின்வேதிக் கலத்தைப் பற்றி எழுதுகிறேன். இதற்கான சுத்த அறை (தூசி புகாத ஆய்வறை) எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. ஆனால் பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற இடங்களில் வெளி மாணவர்களுக்கும் வாய்ப்புத் தரும் ஐஎன்யுபி என்ற அரசுத் திட்டம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் செய்முறை மனதில் தெளிவாக இருக்கட்டும்.

எடுத்துக்கொள்ளும் பொருள் மாலிப்டினம் டைசல்பைடு. அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் மின்வினையூக்கி இது. பிளாட்டினத்தைவிட மிக மலிவு. இதன் தட்டையான முகம் சோம்பேறி, வேலை செய்வது விளிம்புதான் என்பதை 2007இல் தங்கத்தின் மேல் வளர்த்த நானோ துகள்களை வைத்துக் காட்டினார்கள். பொடியாக்கிக் கார்பனில் பூசி அளந்தால் முகம், விளிம்பு எல்லாம் கலந்த சராசரிதான் கிடைக்கும். நுண் கலத்தில், செதிலின் எந்த இடம் அமிலத்தைத் தொட வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம்.

முதலில் செதில். படிகத்தை ஒட்டுநாடாவில் ஒட்டி, மடித்துப் பிரித்து, சுமார் 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் சில்லில் அழுத்தி எடுங்கள். நுண்ணோக்கியில் நிறத்தை வைத்தே தடிமனைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஓரடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பல அடுக்குள்ள செதிலையே எடுங்கள், எளிதில் கிழியாது.

அடுத்து, எலக்ட்ரான் கற்றையால் நுண் வடிவம் வரையும் லித்தோகிராஃபி முறையில் செதிலுக்குத் தங்கக் கம்பி இணைப்பு. தங்கம் பிடித்துக்கொள்ள அடியில் மெல்லிய குரோமியமோ டைட்டானியமோ போடுவார்கள். அப்புறம் சில்லு முழுவதும் பிஎம்எம்ஏ என்ற பாலிமரைப் பூசி, சூடாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் கற்றையைப் பாய்ச்சுங்கள். அங்கே பாலிமர் சங்கிலி உடைந்து, டெவலப்பர் என்ற கரைப்பானில் கரைந்துபோகும். அதுதான் அமிலம் செதிலைத் தொடும் ஜன்னல். ஒரு சில்லில் ஜன்னலைச் செதில் முகத்தின் நடுவிலும், இன்னொரு சில்லில் விளிம்பைச் சேர்த்தும் திறந்தால் ஒப்பிட வசதி.

இங்கே நிதானம் வேண்டும். 5 மைக்ரோமீட்டர் சதுர ஜன்னலின் பரப்பு 25 சதுர மைக்ரோமீட்டர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் 40 லட்சத்தில் ஒரு பங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்ற வழக்கமான அளவுகோல் இங்கே வெறும் 2.5 நானோ ஆம்பியர். 10 மைக்ரோமீட்டர் அகலத் தங்கக் கம்பி 100 மைக்ரோமீட்டர் நீளத்துக்குத் திறந்து கிடந்தால், அது ஜன்னலைப்போல் 40 மடங்கு பரப்பு. தங்கமும் ஹைட்ரஜன் தரும். அதனால் ஜன்னலே திறக்காத ஒரு சில்லைச் செய்து, அதே சொட்டை வைத்து முதலில் அளந்துவிடுங்கள். அதில் மின்னோட்டம் வந்தால் பூச்சில் ஓட்டை இருக்கிறது. இந்தச் சோதனை இல்லாத எந்த வளைகோட்டையும் நான் நம்பமாட்டேன்.

இனி அளவீடு. கையுறை, கண்ணாடி கட்டாயம்; தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. ஜன்னல் மேல் 0.5 மோலார் கந்தக அமிலம் ஒரு சொட்டு. மின்சுற்றை முடிக்கும் எதிர்முனைக்குக் கிராஃபைட் போதும்; பிளாட்டினம் வைத்தால் கரைந்துவந்து செதிலில் படிந்து, நல்ல வினையூக்கி கிடைத்ததுபோல் ஏமாற்றும். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் ஒப்பு மின்முனைக்குச் சிறிய, கசியாத வெள்ளி-வெள்ளிக் குளோரைடு வாங்குங்கள். குளோரைடு இல்லாத அமிலத்தில் வெறும் கம்பியின் மின்னழுத்தம் நிலைக்காது.

நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில் சொட்டு சீக்கிரம் வற்றி அமிலம் செறிவாகும். பக்கத்தில் ஈரத் துணி வைத்துச் சிறு மூடியால் மூடி, வேகமாக அளந்து முடியுங்கள். மழைக்காலத்தில் வேறு தொல்லை: சில்லில் ஈரம் இருந்தால் பிஎம்எம்ஏ உரிந்துவரும். பூசும் முன் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தத்தை விநாடிக்கு 5 மில்லிவோல்ட் வேகத்தில் எதிர்மறைப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். மின்னோட்டத்தை ஜன்னல் பரப்பால் வகுங்கள். விளிம்பு ஜன்னலுக்கு, உள்ளே தெரியும் விளிம்பின் நீளத்தாலும் வகுத்துப் பாருங்கள். டாஃபெல் சரிவு, அதாவது மின்னோட்டம் பத்து மடங்காகத் தேவைப்படும் கூடுதல் மின்னழுத்தம், 120 மில்லிவோல்ட் பக்கம் வந்தால் புரோட்டான் ஒட்டும் முதல் படியே தாமதமாக இருக்கலாம். ஆனால் தங்கத்துக்கும் செதிலுக்கும் இடையிலுள்ள தொடர்புத் தடையும் சரிவைக் கூட்டிக் காட்டும். அதையும் தனியே அளந்து எழுதி வையுங்கள்.