பட்டம் இருக்கிறது, பி.எட். இல்லை: தென்னாப்பிரிக்காவில் வாத்தியாராகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

டர்பன் சாஸ்திரி கல்லூரிக்குப் பெயர் தந்த சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். வாத்தியார் வேலை மேல் நம்மவர்களுக்கு உள்ள மரியாதை இன்னும் குறையவில்லை. வங்கியிலும் கணக்கு அலுவலகத்திலும் சில வருஷம் இருந்துவிட்டு, 'பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமா' என்று கேட்பவர்கள் நம்மவர்கள் அதிகம் வாழும் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உண்டு. நான்கு வருஷ பி.எட். படிக்காமல் போக முடியுமா? முடியும். ஆசிரியர் தகுதியே இல்லாமல் போக முடியுமா? முடியாது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

எல்லாரும் 'சேஸ்' என்று சொல்லும் கல்வியாளர் கவுன்சிலில் பதியாதவரை ஆசிரியராக நியமிக்கக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் பள்ளியில் இதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். பிறமொழிக்காரருக்கு ஆங்கிலம் கற்பிக்க, இணையத்தில் 120 மணி நேரத்தில் முடிகிற டெஃபல் சான்றிதழையும் இங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உங்களுக்கு வழி, பட்டம் முடித்தவர்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் படிப்பான பிஜிசிஇ. மூன்று வருஷப் பட்டத்துக்கு மேல், முழுநேரமாகப் படித்தால் ஒரு வருஷம். இரண்டும் சேர்ந்தால் ஆசிரியர் கல்வித்தகுதியை அளக்கும் ஆர்.இ.கியூ.வி. அளவுகோலில், பி.எட்.டுக்குச் சமமான 14ஆம் நிலை கிடைக்கும்.

ஆனால் பெரும்பாலோர் தடுக்கி விழுவது விண்ணப்பத்துக்கும் முன்னால்: கையில் இருக்கும் பட்டத்தின் பெயரை நம்பி. பல்கலைக்கழகம் பெயரைப் பார்க்காது, மதிப்பெண் பட்டியலை வரிவரியாகப் பார்க்கும். பள்ளியில் இருக்கும் ஒரு பாடத்தை மூன்றாம் வருஷம் வரை, இன்னொன்றை இரண்டாம் வருஷம் வரையாவது படித்தீர்களா என்பது பொதுவான கேள்வி. நிபந்தனை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பி.காம். எடுத்தவர் அக்கவுன்டிங்கைக் கடைசி வருஷம் வரை கொண்டுபோயிருந்தால் கவலையில்லை. மனிதவளத்தையே பிரதானமாக எடுத்தவருக்குப் பள்ளியில் அந்தப் பெயரில் பாடமே கிடையாது. உளவியல் படித்தவர்களை லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பத்தாம் வகுப்பு முதல் மேட்ரிக் எனும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அது வாரத்துக்கு இரண்டே மணி நேரம், கணிதத்துக்கு நாலரை. இரண்டு மணி நேரப் பாடத்துக்கென்று தனியாக ஆள் எடுப்பதைவிட, இருக்கிற ஆசிரியர்களிடையே பங்கிட்டுவிடுவது தலைமையாசிரியருக்குச் சுலபம். அதனால் இரண்டாவது பாடம் கனமானதாக இருக்கட்டும். ஒன்றிரண்டு பாடப்பகுதி குறைகிறதென்றால், தொலைநிலைப் பல்கலைக்கழகமான யுனிசாவில் பட்டத்துக்கென்று இல்லாமல் தனித்தனியாக எழுதி முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒரு வருஷம் தள்ளிப்போகும்தான். தகுதியில்லாத பாடத்தோடு உள்ளே போய் முழிப்பதற்கு அது மேல்.

அலுவலக வேலையை விடாமல் இரவில் படித்துவிடலாம் என்பது அடுத்த கனவு. பாடத்தை இரவில் படிக்கலாம். பள்ளிப் பயிற்சியை என்ன செய்வீர்கள்? பிஜிசிஇயில் குறைந்தது 8 வாரம், அதிகபட்சம் 12 வாரம் மேற்பார்வையோடு வகுப்பறையில் நிற்கவேண்டும், அதுவும் பள்ளி நடக்கும் நேரத்தில். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் சொல்லிக்கொடுத்த அனுபவம் அருமையான அனுபவம், ஆனால் இந்த வாரக் கணக்கில் அது வராது. விடுப்பைப் பற்றி முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மொழி விஷயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் கற்பிக்கப்போகிறவர் ஓர் ஆப்பிரிக்க மொழியிலோ சைகை மொழியிலோ உரையாடும் அளவுக்குத் தேறவேண்டும். குவாசுலு-நட்டாலில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் ஜூலுதான். தாத்தா காலத்து ஃபனகலோ என்ற கலப்புப் பேச்சு இங்கே கைகொடுக்காது! சான்றிதழுக்காக மட்டுமில்லை, இன்று சாட்ஸ்வொர்த் பள்ளிகளிலேயே ஜூலு பேசும் பிள்ளைகள் நிறைய.

சேஸ் பதிவுக்கு 2019 முதல் போலீஸ் நற்சான்று கட்டாயம். ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் செல்லாது என்பதால் ரொம்ப முன்னாலும் வாங்காதீர்கள், கடைசி வாரத்துக்கும் விடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்கள், அங்கே வாங்கிய பி.எட். இங்கே அப்படியே செல்லும் என்று இருந்துவிடுகிறார்கள். கல்வித் தகுதிகளை மதிப்பிடும் அமைப்பான சாக்வா தரும் சான்று வந்த பிறகே மற்ற வேலை நகரும். அதற்கு முன் எந்தப் பள்ளிக்கும் 'இதோ வருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கவேண்டாம்.

வேலை கிடைத்த பிறகும் ஒன்று உண்டு. பள்ளி நிர்வாகக் குழு நியமிக்கும் பதவியும் அரசுப் பதவியும் ஒரே வராந்தாவில், ஒரே வகுப்பில் இருக்கும், சம்பளம் ஒன்றல்ல. குழுப் பதவிக்குப் பணம் வருவது பள்ளியின் சொந்த நிதியிலிருந்து, அதாவது பெரும்பாலும் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் நீங்கள் சேரமாட்டீர்கள். புதியவருக்குப் பெரும்பாலும் இந்தக் கதவுதான் முதலில் திறக்கும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, டிசம்பர் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, மருத்துவக் காப்பீட்டுக்குப் பள்ளி ஏதாவது கொடுக்குமா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.