ஒரே பைக், இரண்டு பேர், ஏழு நாள்: சென்னை – பெங்களூரு – ஹைதராபாத் – விஜயவாடா சிக்கனச் சுற்று

சென்னையில் கிளம்பி பெங்களூரு, ஹைதராபாத், விஜயவாடா போய்த் திரும்பினால் நெடுஞ்சாலை மட்டும் ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர். ஊர்களுக்குள் சுற்றுவதையும் சேர்த்து 1,850 என்று வைத்துக்கொள்ளுங்கள். 125 முதல் 160 சிசி வரை எந்த பைக்கும் இதற்குப் போதும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதால் காரைவிடச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இந்தச் சுற்றில் காசு கரைவது இரண்டு இடத்தில்: தப்பான நேரத்தில் நகரத்துக்குள் நுழைவது, அளவுக்கு மேல் சுமந்த வண்டி வழியில் மக்கர் பண்ணுவது. இரண்டையும் கிளம்பும் முன்பே தடுக்கலாம்.

மாதம் முக்கியம். டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் அனந்தபூருக்கும் கர்னூலுக்கும் நடுவே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஒதுங்க மர நிழல்கூட இருக்காது. அக்டோபர், நவம்பரில் நெல்லூர் பக்கம் மழை சாலையை மூழ்கடிக்கும். டிசம்பர், ஜனவரியில் ஒரே தொல்லை, சிக்பள்ளாப்பூர் பக்கம் விடிகாலைப் பனிமூட்டம்.

வண்டி

சர்வீஸை முந்தின நாள் விடாதீர்கள். ஒரு வாரம் முன்பே விட்டு, அதன் பிறகு 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். சரியாக முறுக்காத ஆயில் போல்ட், தளர்ந்த பிரேக் கேபிள் எல்லாம் அந்த நூறு கிலோமீட்டரில் வெளியே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் வாணியம்பாடி தாண்டித்தான் தெரியும்.

இருவர் உட்கார்ந்தால் மாற்ற வேண்டியவை நான்கு. பின் டயர் காற்று: தனியாக ஓட்டும்போது 28 அல்லது 29 பி.எஸ்.ஐ. வைக்கும் பெரும்பாலான பைக்குகளுக்குப் பின்னால் ஆள் இருந்தால் 32, 33 தேவை. உங்கள் வண்டிக்கான அளவு ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) அல்லது செயின் கவரில் ஒட்டியிருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். அடுத்து, பின் ஷாக் அப்சார்பரை ஒரு நாட்ச் இறுக்குங்கள். மூன்றாவது ஹெட்லைட். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்க வெளிச்சம் மேலே ஏறி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். உங்களுக்கோ சாலை தெரியாது. நண்பரை உட்காரவைத்துச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக் கீழே இறக்குங்கள். நான்காவது செயின். தூரப் பயணம் என்று இறுக்கிவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பள்ளத்தில் சக்கரம் மேலேறும்போது செயின் தானாகவே இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் ஸ்ப்ராக்கெட்டும் பேரிங்கும் அடிவாங்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு மசகு ஸ்ப்ரே அடித்தால் போதும்.

சாமான் இருவருக்கும் சேர்த்து 12 கிலோ, அதற்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 70 கிலோ என்றால் அதுவே 140. இந்த ரக பைக்குகள் தாங்கும் சுமை அதற்குக் கொஞ்சம் மேலேதான். சேடில் பேக்கின் சைலன்சர் பக்கத்தைக் கட்டியபின் கையால் அழுத்திப் பாருங்கள். நின்றபடி தொடாத பை, பள்ளத்தில் இறங்கும்போது சைலன்சரைத் தொட்டு ஓட்டையாகும். கயிற்று நுனி தொங்கக்கூடாது, செயினுக்குள் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் இருப்பவர் முதுகில் பை மாட்டினால் வாரைத் தளர்த்தி, அடி சீட்டில் உட்காரும்படி விடுங்கள். தோளில் தொங்கினால் 100 கிலோமீட்டரில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கையில் இருக்க வேண்டியது: கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், இரண்டு ஃபியூஸ், ஸ்பேனர் செட், காற்றடிக்கும் சிறு பம்ப், ட்யூப்லெஸ் பஞ்சர் கிட். புது கிளட்ச் கேபிளைப் பழையதோடு சேர்த்து வண்டியிலேயே கட்டிவைத்துவிட்டால், அறுந்த இடத்தில் இரு முனையை மாட்டுவது பத்து நிமிட வேலை.

பஞ்சர் போடத் தெரியாதவர் கிளம்பும் முன் ஒருமுறை கடையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி தெரிந்ததும் பிடுங்கிவிடக்கூடாது. முதலில் ஸ்ட்ரிப்பை (ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி) ஊசிக் காதில் பாதிவரை கோத்து, பசை தடவித் தயாராக வையுங்கள். பிறகு ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்து இடுக்கியால் பிடுங்கி, அதே சாய்வில் அரத்தை விட்டு எட்டுப் பத்து முறை இழுங்கள். ஓட்டை கரடுமுரடானால்தான் பசை பிடிக்கும். ஸ்ட்ரிப்பை வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சமிருக்கும்வரை உள்ளே அழுத்தி, ஊசியை ஒரே வெட்டில் நேராக இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். மிச்சத்தை நறுக்கி, காற்றடித்து, எச்சில் தொட்டு வையுங்கள்; குமிழ் வராவிட்டால் கிளம்பலாம். இருபது கிலோமீட்டர் போய் மறுபடி பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் இது நிற்காது, கடைக்குத்தான் போக வேண்டும்.

நாள் கணக்கு

முதல் நாள், சென்னை – பெங்களூரு, 350 கிலோமீட்டர். காலை 4.30-க்குப் பூந்தமல்லியைத் தாண்டிவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் – வாலாஜாபேட்டை வரை லாரியும் சாலை விரிவாக்க மாற்றுப்பாதைகளும் உண்டு, இருட்டில் 60-க்கு மேல் போகாதீர்கள். ஆம்பூரில் டிபனோடு நிறுத்துங்கள். பிரியாணிக்கு மனம் இழுக்கும், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி வரை தூக்கத்தோடு ஓட்ட வேண்டியிருக்கும். ஓசூருக்குப் பின் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று காலை 8 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் வண்டி நகராது. பகல் 12-க்கும் 3-க்கும் நடுவே நுழைவதே குறி. இரண்டாம் நாள் பைக்கைத் தொடாதீர்கள், மெட்ரோவும் பி.எம்.டி.சி. டவுன் பஸ் நாள் பாஸும் போதும். 2025-ல் மெட்ரோ அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய் ஆனதால் தூரத்துக்கு பஸ்ஸே மலிவு.

மூன்றாம் நாள், கர்னூல் வரை 360 கிலோமீட்டர். 5 மணிக்குள் ஹெப்பாலைக் கடந்தால் தேவனஹள்ளிவரை காலி ரோடு. பாகேபள்ளியில், ஆந்திர எல்லைக்கு முன் டேங்கை நிரப்புங்கள். கர்நாடகத்தைவிட ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் லிட்டருக்கு நான்கைந்து ரூபாயாவது கூடுதல். 11 லிட்டர் டேங்கில் இருவர் டீக்காசு மிச்சம், அதை ஏன் விட வேண்டும்? அனந்தபூர் – குத்தி – டோன் வரை சாலை நேர்கோடு. ஆபத்தே அந்த நேர்கோடுதான், கண் சொக்கும். 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். கிராமங்களுக்குப் பக்கத்தில் ராங் சைடில் டிராக்டர் வரும், ஆட்டு மந்தை குறுக்கே போகும். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, இருட்டிய பின் கிட்டே போனால்தான் தெரியும். மாலை 5.30-க்கு எங்கே இருந்தாலும் அங்கேயே தங்குவது என்று கிளம்பும் முன்பே நண்பரோடு பேசி முடித்துவிடுங்கள். நடுரோட்டில் நின்று "இன்னும் ஐம்பது கிலோமீட்டர்தான்டா" என்று வாதாடும்போது முடிவெடுத்தால் அது தப்பாகத்தான் இருக்கும்.

நான்காம் நாள் 215 கிலோமீட்டர்தான். ஹைதராபாத்தில் பைக் போகக்கூடாத சாலைகள் உண்டு: அவுட்டர் ரிங் ரோட்டின் பிரதான பாதையும், ஆராம்கர் – மெஹதிப்பட்டணம் பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலமும். மேப்பில் கார் என்று விட்டால் அதன்மேல்தான் ஏற்றும். இருசக்கர வாகனம் என்று மாற்றிவிடுங்கள். சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் சௌமஹல்லா அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஐந்தாம் நாள் வெள்ளியில் விழாதபடி கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஊர் சுற்ற டி-24 பஸ் டிக்கெட் எடுத்தால், எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். பிரியாணி ஒரு பிளேட் வாங்கி இருவர் சாப்பிடலாம்.

ஆறாம் நாள் 275 கிலோமீட்டரில் விஜயவாடா. மதியச் சாப்பாடு, பிரகாசம் தடுப்பணை, பிறகு இன்னும் 35 கிலோமீட்டர் ஓட்டி குண்டூரில் படுங்கள். இதில் இரண்டு லாபம்: அறை வாடகை குறையும், கடைசி நாளின் 450 கிலோமீட்டர் 415 ஆகும்.

அறையும் பணமும்

தனி ஆளுக்கு ஹாஸ்டல் படுக்கை லாபம். இருவருக்கு அப்படியல்ல: ஆளுக்கு 600, 700 என்றால் 1,300 ஆகிறது, பெங்களூரு மெஜஸ்டிக்கிலோ ஹைதராபாத் நாம்பள்ளியிலோ 1,000 ரூபாய்க்கு டபுள் ரூம் கிடைக்கும். விலை பேசும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியை உள்ளே நிறுத்த இடமுண்டா? 24 மணி நேரச் செக்-அவுட்டா, பகல் 12 மணியா? ஹைதராபாத்துக்குக் காலை 11-க்கே போய்ச் சேர்வதால் 12 மணிக் கணக்கு உள்ள லாட்ஜில் அரை நாள் வாடகை சேர்த்துக் கேட்பார்கள். மூன்றாவது, சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு? 5 மணிக்குக் கிளம்புபவருக்கு 6 மணிச் சுடுதண்ணீரால் பயனில்லை. இருவரும் ஒரிஜினல் ஆதார் வைத்திருங்கள்.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 42 லிட்டர். 105 ரூபாய் வீதம் பெட்ரோல் 4,400. ஆறு இரவு அறை 6,000. ஆளுக்கு நாளுக்கு 350 வீதம் சாப்பாடு 4,900. ஊர்ச் சுற்று, நுழைவுச்சீட்டு 1,500. ரிப்பேருக்கு 2,000. மொத்தம் 18,800, ஆளுக்கு 9,400. முதல் நாளே ஆளுக்கு 3,000 போட்டு ஒருவர் யு.பி.ஐ. கணக்கில் வையுங்கள், பொதுச்செலவு அதிலிருந்து மட்டும், தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். "இது நான் கொடுத்தேன், அது நீ கொடு" என்ற கணக்குத்தான் நட்பைக் கெடுக்கும். நூறு ரூபாய்த் தாளாக 1,500 தனியே, இருவர் பையிலும் பிரித்து.

இருவருக்கும் லைசென்ஸ் இருந்தால்தான் ஆள் மாற்றி ஓட்டலாம்; லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கட்டும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மேப் பார்ப்பது பின்னால் இருப்பவர் வேலை. இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது, முதுகில் இரண்டு தட்டு என்றால் நிறுத்து. நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸ் 108.

கடைசி நாள் குண்டூரில் ஃபுல் டேங்க் போடாதீர்கள். தடா எல்லை தாண்ட 350 கிலோமீட்டர், எட்டு லிட்டர் ஆகும். ஒன்பது லிட்டர் இருந்தால் ஆரம்பாக்கம் வந்து தமிழ்நாட்டு விலைக்குப் போட்டுக்கொள்ளலாம். மாலை 4 மணிக்குள் செங்குன்றத்தைக் கடந்துவிடுங்கள், அதற்குப் பிறகு மாதவரம் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் ஊர வேண்டும்.