அரிவி வெட்டு முடிந்த வயலில் அன்டெனா அளப்பது எப்படி

மாசி மாதம் பிறந்தால் இறுதியாண்டுத் தம்பி தங்கைமாரிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "அக்கா, கணினியில் அன்டெனாவின் நயம் 9 டெசிபெல் என்று வருகிறது. அளந்து காட்டச் சொல்கிறார்கள். எங்கே அளப்பது?" நயம் என்பது அன்டெனா அலையை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு.

அலை தெறிக்காதபடி சுவரெல்லாம் கரி ஊட்டிய நுரைக் கூம்பு பதித்த அறை எல்லோருக்கும் வாய்க்காது. வன்னியில் அதற்குப் பதிலாக வயல் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்த காலத்தில் என் யாகி அன்டெனாவை (ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் பொருத்தியது) வட்டக்கச்சியில் அப்பாவின் வயலில்தான் அளந்தேன். வரம்பில் நின்று பார்த்த அப்பா, "என்ன பிள்ளை, நெல்லை வீட்டுக்கு ஏற்றிவிட்டோம். இனி இதில் எதை அளக்கிறாய்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயலைத் தெரிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் உழுது விதைக்கிற, சொந்தக்காரர் சம்மதித்த வயலாக இருக்கட்டும். இடம் விசாலமாக இருக்கிறது என்று பற்றைக்காட்டு ஓரங்களில் இறங்காதீர்கள். மிதிவெடிப் பலகை கண்ணில் படவில்லை என்பதற்காக நிலம் சுத்தம் என்று ஆகிவிடாது. யானை வேலியும் தகரக் கொட்டிலும் தள்ளியே இருக்க வேண்டும்.

என் அளவீடு 433 மெகாஹேட்சில். 300ஐ 433ஆல் வகுத்தால் அலைநீளம் 69 சென்ரிமீற்றர். அன்டெனாவின் நீளம் 1.4 மீற்றர். நீளத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் 5.7 மீற்றர் வருகிறது. அலை ஓரளவு தட்டையாக வந்து சேர, அனுப்பும் அன்டெனாவுக்கும் அளக்கப்படும் அன்டெனாவுக்கும் இடையில் அந்தத் தூரமாவது வேண்டும். நான் 10 மீற்றர் வைத்தேன். இரண்டு கம்பங்களும் 3 மீற்றர் உயரம். மூங்கிலோ பிளாஸ்டிக் குழாயோதான். இரும்புக் குழாய் வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவது நிலத்தில்தான். அனுப்பும் அன்டெனாவிலிருந்து நேராக வரும் அலையோடு, நிலத்தில் பட்டுத் தெறித்த அலையும் வந்து கலக்கும். 3 மீற்றர் உயரம், 10 மீற்றர் தூரம் என்றால் அந்தத் தெறிப்பு நிலத்தோடு 31 பாகையில் நடக்கிறது. காய்ந்த மண்ணின் சார் மின்னுழையம் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் மின்புலம் அதில் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்) ஏறத்தாழ 4. அப்படிப்பட்ட நிலத்தில், நிலைக்குத்தாக முனைவாக்கிய அலை, அதாவது மின்புலம் மேலும் கீழுமாக ஆடும் அலை, நிலத்தோடு 27 பாகையை அண்டி வந்தால் தெறிக்காமல் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும். ஒளியியலில் புரூஸ்டர் கோணம் என்று படித்தோமே, அதேதான். 31 பாகையிலும் தெறிப்பது விழுந்த அலையைவிட 24 டெசிபெல் குறைவாகத்தான் இருக்கும். மழை பெய்து மண் ஊறி மின்னுழையம் 20 ஆகிவிட்டால் அதே கோணத்தில் குறைவது வெறும் 8 டெசிபெல். ஆகவே அன்டெனாவின் கம்பிகளை நிலைக்குத்தாக வையுங்கள். காலபோகம் வெட்டி, வயல் காய்ந்து வெடிப்பு விழும்வரை பொறுத்திருங்கள். ஒப்படைக்கும் திகதி நெருங்குகிறது என்று ஈர வயலில் இறங்கி இரண்டு நாளை வீணாக்கியவள் சொல்கிறேன். வெடிப்புக்குள் விரல் நுழைந்தால் எனக்குப் போதும். சோழகக் காற்று எழும்பும்வரை காத்திருந்தாலும் வில்லங்கம். மூங்கில் ஆடத் தொடங்கிவிடும்.

கம்பி நிலைக்குத்தாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் இரும்புக் கம்பமும் அதனோடு சேர்ந்து கதிர்வீசும். கேபிளும் அப்படித்தான். அதை அன்டெனாவின் பின்பக்கமாக ஒரு மீற்றர் கிடையாக இழுத்துவிட்டுத்தான் கீழே தொங்கவிட வேண்டும். பிறகு ஒரு சின்னச் சோதனை: ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் கேபிளைக் கையால் பொத்திப் பிடித்து மேலும் கீழும் தடவட்டும். எண் அசைந்தால் கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடுகிறது. அதைத் தடுக்க, கேபிள் அன்டெனாவோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பெரைட் (காந்தப் பொருள்) வளையங்களை மாட்டுங்கள். எண் அசையாமல் நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

கருவிக்கு நானோ வீ.என்.ஏ. போதும்; அலையை அனுப்பி, திரும்ப வாங்கியது எவ்வளவு என்று திரையில் காட்டும் சிறிய பெட்டி. அனுப்புவதும் வாங்குவதும் அதே பெட்டிதான், வலுவும் ஒரு மில்லிவாற்றுக்குக் கீழே. அதைவிட வலுவான எதையும் இயக்குவதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி விரிவுரையாளரிடம் கேளுங்கள். நானோ வீ.என்.ஏ.யின் முதல் வகை 300 மெகாஹேட்சுக்கு மேல் சுரங்களை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை) வைத்து வேலை செய்வதால் இரைச்சல் கூட. ஆகவே அனுப்பும் பக்கத்திலும் சிறிய யாகி ஒன்றை வைத்து, அதன் முதுகுப்புறம் உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் உடம்பும் அலையைத் தெறிக்கும்.

அளக்கத் தொடங்குமுன் விடையைக் கணக்கிட்டு எழுதிவையுங்கள். 10 மீற்றரில் வெளி இழப்பு, அதாவது வெறும் தூரத்தால் அலை குறைவது, 45 டெசிபெல். அதில் என் அன்டெனாவின் 9, அனுப்பும் அன்டெனாவின் 7 ஆகியவற்றைக் கழித்தால் 29. முன்பே கேபிள்களை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றின் இழப்பு கணக்கில் வராதபடி அளவுதிருத்தம் செய்திருந்தால் திரையில் −29ஐ அண்டி வர வேண்டும். எனக்கு முதல் நாள் −33 வந்தது. வேறெங்கோ தெறித்த அலை கலக்கிறதா என்று பார்க்க, அன்டெனாவைத் தாங்கும் கம்பத்தை அனுப்பும் பக்கம் நோக்கி 5 சென்ரிமீற்றராக நகர்த்தி எழுதினேன்: ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையில் 35 சென்ரிமீற்றர், அதாவது அரை அலைநீளம். அப்படியென்றால் தெறிப்பு நேர் பின்னாலிருந்து வருகிறது. திரும்பிப் பார்த்தால் காவல் கொட்டில், நாங்களே போட்ட புதுத் தகரம்! முழுவதையும் பக்கவாட்டில் திருப்பி வைத்தவுடன் ஏற்ற இறக்கம் 1 டெசிபெலுக்குள் அடங்கியது. அந்த அளவென்றால் மிச்சத் தெறிப்பு நேரலையைவிட 25 டெசிபெல் கீழே இருக்கிறது என்று அர்த்தம். இளநிலைச் செயற்றிட்டத்துக்குத் தாராளம். 3 டெசிபெல் ஆடினால் 15தான், மறுபடி தேடுங்கள்.

எந்தத் திசையில் எவ்வளவு வாங்குகிறது என்று அறிய அன்டெனாவைச் சுழற்ற வேண்டும். அதற்குச் சைக்கிள் சில்லு. அப்பாவின் பழைய சைக்கிளின் பின்சில்லில் 40 கம்பிகள், ஒரு கம்பிக்கு 9 பாகை. சில்லைப் பலகையில் படுக்கையாகப் பொருத்தி, மேலே ஒட்டுப்பலகை, அதன் நடுவில் கம்பம். நெஞ்சுயரத்தில் தளர்வான வளையம் ஒன்றை மூன்று கயிற்றால் இழுத்துக் கட்டினால் சாயாது. 3 மீற்றர் கீழே கிடப்பதால் சில்லின் இரும்பு தொந்தரவு செய்யவில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணை வாசித்து எழுதி, சுற்று முடிந்ததும் தொடங்கிய இடத்தை மறுபடி அளந்து பாருங்கள். அரை டெசிபெலுக்கு மேல் மாறியிருந்தால் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

நயத்துக்கு, யாகியைக் கழற்றி அதே இடத்தில் அரையலை டைபோல் (நடுவில் ஊட்டும் ஒற்றைக் கம்பி அன்டெனா) ஒன்றை வையுங்கள். முழு நீளம் 33 சென்ரிமீற்றர். இரண்டு வாசிப்புகளின் வித்தியாசத்தோடு டைபோலின் நயமான 2.15ஐக் கூட்டினால் யாகியின் நயம். எனக்கு 8.4 வந்தது. கணினி சொன்ன 9ஐ மறைக்காமல் இரண்டையும் எழுதினேன்.

குறிப்புப் புத்தகத்தில் கடைசியாக மழை பெய்த திகதியையும் எழுதுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு ஊர் மாடுகள் ஒட்டு மேய வரும். கேபிளைத்தான் முதலில் சுற்றி எடுக்க வேண்டும்.