டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் மாத்திரைகள்: பார்க்கின்சன் நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை நடுங்கி, உடல் விறைத்து, நடை தளரும் பார்க்கின்சன் நோய் என்றதும், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது என்று சொல்வோம். சரிதான், ஆனால் அது பாதி விஷயம். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமைனைத் தயாரித்து, ஸ்ட்ரையாட்டம் என்ற இடத்துக்கு அனுப்புகின்றன. அதை வாங்கிக்கொள்ள ஸ்ட்ரையாட்டம் செல்களின் மேல் சில புரதங்கள் இருக்கின்றன. அவைதான் ஏற்பிகள். டி1 முதல் டி5 வரை ஐந்து வகை உண்டு. உடல் அசைவுக்கு முக்கியமானவை முதல் இரண்டு: டி1 அசைவைத் தொடங்கும் பாதையைத் தூண்டுகிறது, டி2 அசைவைத் தடுக்கும் பாதையை அடக்கி வைக்கிறது.

இந்த நோயில் முதலில் அழிவது அனுப்பும் செல்கள்தான். வாங்கும் ஏற்பிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை பலன் தருவதே இதனால்தான். எனவே மிச்சமிருக்கும் ஏற்பிகளை நாமே அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு அதுதான் என்பேன்.

எப்படி அடைக்கிறோம்? வாந்தி வருகிறது என்று மெட்டோகுளோப்ரமைடு அல்லது புரோகுளோர்பெரசின். தலை சுற்றுகிறது என்று சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளுனரிசின். வயிறு உப்புசத்துக்கு ஒரு 'கேஸ் மாத்திரை'. அதில் பான்டோபிரசோல் அல்லது ராபெபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கலாம். பான்டோபிரசோலும் ராபெபிரசோலும் தவிர இவை எல்லாமே டி2 ஏற்பியை மறிக்கக்கூடியவை. பார்க்கின்சன் உள்ளவருக்கு இவற்றைக் கொடுத்தால் நடை இன்னும் தளரும், உடல் விறைக்கும். நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் பயந்துபோகும்.

நோயே இல்லாதவருக்கும் இது நடக்கும். மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிட்ட பெரியவருக்குக் கை நடுங்குகிறது, முகத்தில் உணர்ச்சி குறைகிறது, நடை சிறுத்துவிடுகிறது. அதைப் பார்க்கின்சன் என்று முடிவுகட்டி, பழைய மாத்திரையை நிறுத்தாமலே இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது கொடுமை. காரணமான மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். மருந்தால் இப்படி ஆகும் என்பது புதுச் செய்தியும் அல்ல. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் மூளையின் டோபமைனைக் காலிசெய்துவிடும். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் அதைக் கொடுத்து முடங்கிப்போன விலங்குகளை லெவோடோபா கொடுத்து மறுபடி நடமாட வைத்தார். 2000இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அதனால் மருந்துக் கடையில் பேரைச் சொல்லி வாங்கும்போது, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். வாந்திக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால், டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது. ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும்போது 'இவருக்குப் பார்க்கின்சன், ஹாலோபெரிடால் வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் குழம்பிப் பிதற்றும் நோயாளிக்கு அந்த ஊசியைப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. அதுவும் டி2வை மறிக்கும் மருந்துதான்.

அடுத்த தவறு, லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது. விரதம், வெளியூர்ப் பயணம், மாத்திரை தீர்ந்துபோனது என்று காரணம் எதுவானாலும் சரி, ஏற்பிகளுக்கு வந்துகொண்டிருந்த டோபமைன் சட்டென்று நின்றால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் எளிது. பருப்பு, முட்டை, பால் இவற்றிலுள்ள புரதம் லெவோடோபா உடலில் சேர்வதோடு போட்டியிடும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரையைப் போட்டால் போதும். புரதத்தையே விட்டுவிட வேண்டாம். அப்புறம், பூனைக்காலி விதையில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே அந்தப் பொடியை மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. உள்ளே போகும் அளவு யாருக்கும் தெரியாது.

கடைசியாக, வெளியில் பேசத் தயங்கும் ஒன்று. பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை டோபமைனைப் போலவே நடித்து ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்துகள். அசைவுக்கான ஏற்பிகளோடு நிற்காமல், இன்பத்தையும் ஆசையையும் ஆளும் பகுதிகளில் நிறைந்திருக்கும் டி3யையும் தூண்டுகின்றன. அதனால் சிலருக்கு பணம் வைத்துச் சீட்டாடுவது, கட்டுக்கடங்காத செலவு, மிதமிஞ்சிய பாலியல் நாட்டம் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 'இந்த வயதில் அப்பாவுக்குப் புத்தி இப்படிப் போகிறதே' என்று வீட்டில் சண்டை போடுகிறார்கள், அவரும் கூனிக்குறுகிப் போகிறார். அது அவருடைய குணக்கேடு அல்ல, மருந்தின் வேலை. நரம்பியல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பலருக்கு அந்த உந்துதல் அடங்கிவிடுகிறது. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென விட்டால் பதற்றமும் மனச்சோர்வும் வரக்கூடும்.