நாகலாபுரம் ஓடைக்கரையில் ஓர் இரவு: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு மலை, ஓடை, முள்காடு மூன்றும் கிட்டத்தில் கிடைக்கும் ஊர் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி தாண்டினால் வந்துவிடும். மாதவரத்திலிருந்து சொந்த வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். பஸ்ஸில் போவதானால் மாதவரம் நிலையத்தில் திருப்பதி வண்டி ஏறும்முன் “ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியா?” என்று கேட்டுவிடுங்கள். வேறு வழியில் போகும் வண்டிகளும் உண்டு.

எங்கே நடப்பது என்பதை விட எங்கே படுப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் கூட வரும்போது மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

இந்தக் காடு ஆந்திர வனத்துறையின் கையில் இருக்கிறது. செம்மரம் விளையும் மலைத்தொடர் என்பதால் ராத்திரியில் காட்டுக்குள் ஆள் நடமாட்டத்தைக் கடுமையாகப் பார்ப்பார்கள். பகல் நடைக்கும் அனுமதி வாங்கிக்கொண்டே போங்கள். இரவு தங்க எழுத்துப்பூர்வமான அனுமதி கிடைத்தால் மட்டும் உள்ளே தங்கலாம். இல்லையென்றால் அடிவாரத்தில் ஓடைக்குப் பக்கத்தில் உள்ள பட்டா நிலத்தில், தோட்டக்காரரிடம் கேட்டுக் கூடாரம் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் ஓடைவழியே நடந்து திரும்பலாம். குடும்பத்துக்கு இதுதான் நல்ல ஏற்பாடு. பாரம் தூக்கிக்கொண்டு பாறை ஏற வேண்டாம், குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால் வண்டியும் பக்கத்தில் நிற்கும்.

போக வேண்டிய காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நேரம், போகவே கூடாது. கோடையில் தண்ணீர் வற்றிவிடும், காட்டுத்தீ பயமும் சேர்ந்துகொள்ளும். குறிப்பிட்ட காலத்திலும் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் தேதியைத் தள்ளிப் போட்டுவிடுங்கள். இந்த மலைகளில் பாறைதான் அதிகம், மண் மெல்லிய போர்வைதான். மேலே பெய்கிற மழையை உறிஞ்சி வைக்க ஒன்றும் இல்லாததால் தண்ணீர் அப்படியே ஓடைக்கு இறங்கிவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரலாம். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, ஓடையின் சத்தம் கனத்துப் போவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறுங்கள்.

கூடாரம் போடும் முன் கரையோரச் செடிகளை உற்றுப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும், சேறு படிந்த பிளாஸ்டிக் கவரும் ஒரே திசையில் சாய்ந்து சிக்கியிருக்கும். போன வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். ஓடை நடுவிலுள்ள மணல் திட்டு மெத்தை மாதிரி இருக்கும், அதில் மட்டும் படுக்கவே படுக்காதீர்கள். மேலே பட்டுப்போன கிளை இருக்கக் கூடாது. பாறை இடுக்கில் பெரிய தேனடை தொங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம். புகைக்கும் சென்ட் வாசனைக்கும் மலைத்தேனீ கூட்டமாகக் கிளம்பிவிடும்.

ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டும். நாலு மணிக்குள் கூடாரம் நின்றாக வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் அங்கே அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கீழே விரிக்கும் தார்ப்பாயைக் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்ட விடாதீர்கள். நீட்டினால் பனித்தண்ணீர் அதில் வழிந்து அடியில் தேங்கும். தரையிலிருந்துதான் குளிர் ஏறும் என்பதால் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொள்வதோடு இன்னொன்றைக் கீழேயும் போடுங்கள்.

கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடியே வைப்பது கொசுவுக்காக மட்டும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்த இடத்தில் வலியே தெரியாமல் போகலாம். காலையில் இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, காரணம் தெரியாத வயிற்றுவலி வந்தாலோ பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆந்திராவிலும் 108 தான். அதனால்தான் சிக்னல் கிடைக்கும் இடம் எதுவென்று வந்த உடனே பார்த்து வைக்கச் சொல்கிறோம். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிளம்புங்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளோடு பாறை ஓடையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போவதே பெரிது. ஆகவே தூரத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள்: பத்தரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். செருப்பு கூடாது. பழகிய, அடிப்பக்கம் வெட்டு உள்ள ரப்பர் ஷூ போதும். தண்ணீரில் இறங்கும்போதும் கழற்றாதீர்கள். ஈரப்பாறையில் பச்சையாகத் தெரிவதைவிடக் கறுப்பாகப் பளபளக்கும் பாசியைத்தான் பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள், வழுக்கி விழுவது அங்கேதான்.

ஓடையைத் தாண்டக் குறுகலான இடத்தைத் தேடாதீர்கள், அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். அகலமாக, சலசலத்து ஓடும் இடம் நல்லது. தண்ணீர் பெரியவர் முழங்காலுக்கு மேல் இருந்தால் தாண்ட வேண்டாம். பை வாரின் கொக்கியைக் கழற்றிவிட்டு, கையில் கம்போடு, நீர் வரும் திசையைப் பார்த்துப் பக்கவாட்டில் நடந்து, குழந்தையை உங்களுக்குக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மடுவில் குளிப்பது தனி விஷயம். மடுவில் மூழ்குகிறவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. காசிமேட்டுக் கடலில் நீந்திப் பழகிய உடம்பை நன்னீர் அந்த அளவுக்குத் தூக்காது. அடியில் பாறை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. யாரும் குதிக்கக் கூடாது. பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில், பெரியவர் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனை 15 மீட்டர் கயிற்றில் கட்டிக் கரையில் ஒருவர் வைத்திருந்தால், யாராவது தவறினால் தண்ணீரில் இறங்காமலே வீசி இழுக்கலாம்.

குடிக்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஓடைத் தண்ணீரானால் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். ராத்திரிக்கு எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, காலைக்குப் புளிசாதம், நடையில் கடலைமிட்டாய், பேரீச்சை, நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும். காட்டுக்குள் தீயே மூட்டக் கூடாது. ஒதுங்குவதற்கும் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய், ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். நாப்கின், டயப்பர், கவர் எல்லாம் உங்களோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

முழுக்கை, முழுக்கால் உடுப்பை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மலிவாகவே வாங்கலாம். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிவிடுங்கள், புதரிலும் புல்லிலும் நேராக உட்காராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இந்த மாதிரி இடங்களில் ஒட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, துணிகளை வெந்நீரில் துவையுங்கள். மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.