அல்பட்ராஸ் குறையுதா கூடுதா: செய்தி படிக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

"இந்த வருஷம் கூடு அதிகம், பறவை பொழச்சுக்கிச்சு"னு உடனே ஷேர் பண்றதுதான் எல்லாரும் பண்ற பெரிய தப்பு. தெற்கு அட்லாண்டிக் கடல்ல இருக்கற தெற்கு ஜார்ஜியா தீவை ஒட்டி பேர்ட் ஐலண்ட்னு ஒரு குட்டித் தீவு இருக்கு, அங்க வாண்டரிங் அல்பட்ராஸ்ங்கற பெரிய கடல் பறவையோட கால்ல 1958-லேர்ந்து வளையம் மாட்டி கவனிச்சுட்டு வராங்க. இது போடறதே ஒரே ஒரு முட்டை, அடைகாக்க 11 வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஒன்பது மாசம், அதனால குஞ்சை நல்லபடியா வளர்த்த ஜோடி அடுத்த சீசன்ல முட்டை போடாம கடல்லயே இருக்கும், முட்டையையோ குஞ்சையோ சீக்கிரமே பறிகொடுத்த ஜோடிதான் அடுத்த வருஷமே திரும்பி வரும். யோசிச்சுப் பாருங்க, போன வருஷம் நிறைய முட்டை வீணாப் போயிருந்தா இந்த வருஷம் கூடு கூடுதலா தெரியும்! சின்னப் பறவைங்க முதல் முட்டை போடவே ஏறக்குறைய 10 வயசாகும், அதுவரைக்கும் அதுங்க கூட்டுக் கணக்குலயே வராது. குறைஞ்சது 20 வருஷ கணக்கைப் பாருங்க, 1960-கள்ல இருந்ததுல பாதிக்கும் மேல போயிடுச்சு.

சரி ஏன் குறையுதுன்னு தீவுலயே தேடறது அடுத்த தப்பு. தெற்கு அட்லாண்டிக்லயே இருக்கற காஃப் தீவுல எலி அல்பட்ராஸ் குஞ்சை உயிரோட கடிச்சுத் தின்னுது, உண்மைதான், ஆனா பேர்ட் ஐலண்ட்ல எலியே கிடையாது. சாவு கடல்ல நடக்குது. லாங்லைன் கப்பல்ல பல கிலோமீட்டர் கயித்துல ஆயிரக்கணக்கான கொக்கியில இரை மாட்டி பின்பக்கமா விடுவாங்க, அது முங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மேலாப்புல இருக்கும், பறவை கொத்தும், கொக்கி மாட்டும், கயிறு முங்க முங்க பறவையும் உள்ள போய் மூச்சுமுட்டி செத்துடும். ஜோடில மிச்சம் இருக்கற பறவை ஒத்தை ஆளா குஞ்சை வளர்க்கறது ரொம்ப கஷ்டம், அதனால கரையில காத்திருக்கற குஞ்சும் பெரும்பாலும் போயிடும்.

தெற்கு ஜார்ஜியா கடல்ல ராத்திரிதான் தூண்டில் விடணும், பறவையை விரட்ட கயிறு கட்டணும், கோடைல லாங்லைன் கூடாதுன்னு ரூல் போட்டு அங்க சாவை கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க. ஆனா பெண் பறவைங்க ஆணை விட வடக்க, சூரை மீன் கப்பல் சுத்தற வெதுவெதுப்பான கடலுக்கு இரை தேடிப் போகுது. ஆண் பறவை போற ரூட்டை மட்டும் பார்த்து பாதுகாப்பு எல்லை போட்டா பெண்ணுங்க வெளிய மாட்டிக்கும்.

ரொம்ப தூரம் பறந்தா பசின்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. 1989-ல இந்தியப் பெருங்கடல் குரோசே தீவுல சாட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் மாட்டிப் பார்த்தப்போ ஒரே ட்ரிப்ல 3,600-லேர்ந்து 15,000 கிலோமீட்டர் வரைக்கும் போச்சு, றெக்கை அடிக்காம காத்துலயே மிதக்கறதால அதுக்கு பெரிசா செலவில்ல. அப்புறம் காத்து வேகம் கூடினதும் அங்க ட்ரிப் நேரம் குறைஞ்சு பறவை எடையும் ஏறுச்சு. இதை எடுத்து பேர்ட் ஐலண்டுக்கு ஒட்டாதீங்க, குரோசேல எண்ணிக்கை ஓரளவு மீண்டது, இங்க சரிவு நிக்கல.

கப்பல் ரிப்போர்ட்ல செத்த பறவை கம்மின்னு போட்டிருந்தா கண்காணிப்பாளர் கூடப் போனாரான்னு பாருங்க, கயிறு மேல வர்றதுக்குள்ள பல பறவை கழண்டு விழுந்துடும். குரோசே பக்கம் பறவை முதுகுல கப்பலோட ரேடார் அலையைப் பிடிக்கற கருவி மாட்டினாங்க, அது கண்டுபிடிச்ச கப்பல்ல 28 சதவீதம், இருக்கற இடத்தைக் காட்டற சிக்னலே போடாம ஓடிட்டு இருந்துச்சு.