குதிரையேற்றப் பயிற்சியாளர் ஆவது எப்படி: சாணி அள்ளுவதிலிருந்து சான்றிதழ் வரை

வாரக்கடைசியில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், ஊரிலிருந்து போனில் பேசுபவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். “இதுக்கெல்லாமா சர்டிபிகேட்?” என்பது முதலாவது. “நல்லா ஓட்டத் தெரிஞ்சா போதாதா?” என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில், ஆமாம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. நன்றாகச் சவாரி செய்கிற பலருக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லத் தெரியாது; உடம்பு தானாகச் செய்துவிடும். பயிற்சியாளரின் வேலையோ அடுத்தவர் உடம்பையும் குதிரையின் உடம்பையும் ஒரே நேரத்தில் கவனித்து, சரியான நேரத்தில் ஒரு சொல் சொல்வது. அதைத் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் முதன்முதலாகச் சேணத்தில் உட்கார்ந்தது 31 வயதில், இங்கிலாந்துக்கு வந்த பிறகு. அதனால் நான் போன வழியை, அதாவது இங்குள்ள குதிரையேற்ற அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் வழியை வைத்தே சொல்கிறேன். இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் உண்டு.

படி 1: ஏணியைப் பாருங்கள்

பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி 1947-இல் உருவான அமைப்பு. அதன் தகுதிகள் ஸ்டேஜ் 1 முதல் ஸ்டேஜ் 5 வரை போகும். அதற்கும் மேலே ஃபெல்லோ என்று ஒரு பட்டம், அதெல்லாம் ஒரு வாழ்நாள் வேலை. ஸ்டேஜ் 1 அடிப்படை. ஸ்டேஜ் 3 முடித்தால் ‘கோச்’, 4 முடித்தால் ‘சீனியர் கோச்’, 5 முடித்தால் ‘பெர்ஃபார்மன்ஸ் கோச்’. ஒவ்வொரு ஸ்டேஜும் பராமரிப்பு, சவாரி, கற்பித்தல் என்று துண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். எழுதலாம் என்றா சொன்னேன்? எழுத்து குறைவு, பெரும்பாலும் தேர்வாளர் முன்னால் செய்துகாட்டுவதும் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதும்தான்.

கூடவே ‘ஸ்கில்ஸ் ரெக்கார்ட்’ என்று ஒரு பதிவேடு உண்டு. எந்தெந்த வேலை உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று உங்கள் பயிற்சியாளர் அதில் கையெழுத்துப் போடுவார். வயது வரம்பும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் சொசைட்டியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: லாயத்தில் வேலை செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நானும் ஆசைப்பட்டேன். ஆனால் முதல் எட்டு மாதம் சனிக்கிழமை காலையில் ஒரு தள்ளுவண்டியும் முள்கரண்டி போன்ற ஒரு வாரியும்தான் என் கையில் இருந்தன. சாணி அள்ளுவது, மரத்தூள் படுக்கையைப் புரட்டுவது, தண்ணீர் மாற்றுவது, காய்ந்த புல் நிரப்புவது.

இதில் என்ன பாடம் என்று கேட்கலாம். சாணி வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் வயிற்று வலியாக இருக்கலாம். குதிரைக்கு வயிற்று வலி உயிருக்கே உலை வைக்கும், ஏனென்றால் அதனால் வாந்தி எடுக்க முடியாது. படுக்கை வழக்கத்தைவிட அதிகமாகக் கலைந்திருந்தால் ராத்திரி அது நிலைகொள்ளாமல் சுற்றியிருக்கிறது. இவற்றையெல்லாம் காலை ஏழு மணிக்குப் பார்த்தவர்தான் பத்து மணிக்கு, “இன்றைக்கு இந்தக் குதிரை வேண்டாம், வேறு கொடுங்கள்” என்று சொல்ல முடியும்.

குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு வைக்கவில்லை என்பார்கள். கொம்பு இல்லாவிட்டால் என்ன, பின்னங்கால் இருக்கிறதே! கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரைக்குச் சுற்றுவட்டம் கிட்டத்தட்ட முழுவதும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். கட்டும்போது சுவர் வளையத்தில் நேராகக் கட்டாமல், வளையத்தில் ஒரு மெல்லிய சணல் கயிற்றை மாட்டி அதில் கட்டுங்கள், இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக. மிரண்டு பின்வாங்கினால் அறுவது சணலாக இருக்கட்டும், குதிரையின் கழுத்தாக வேண்டாம். ஸ்டேஜ் 1 தேர்வில் இந்த முடிச்சைப் பார்ப்பார்கள்.

படி 3: பல குதிரைகளில் ஏறுங்கள்

ஒரே குதிரையில் நூறு மணி நேரம் ஓட்டியவருக்கு அந்தக் குதிரையைத் தெரியும், அவ்வளவுதான். தேர்வில் உங்களுக்கு முன்பின் தெரியாத குதிரையைத்தான் கொடுப்பார்கள். சோம்பேறி, அவசரக்காரன், வாயில் கடிவாளம் பட்டாலே தலையை உதறுகிறவன் என்று எல்லா வகையிலும் ஏறிப் பழகுங்கள்.

நடை நான்கு தாளம், ட்ராட் (துள்ளு நடை) இரண்டு, கேன்டர் (மெதுவான பாய்ச்சல்) மூன்று. இதைக் காதால் கேட்டுச் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். மிருதங்கமோ பறையோ தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தாளம் தெரியாத நான்தான் திணறினேன். ட்ராட்டில் எழுந்து உட்காரும்போது குதிரையின் வெளிப்பக்கத் தோளை, அதாவது மைதான வேலிப் பக்கம் இருக்கும் தோளைப் பாருங்கள். அது முன்னே போகும்போது நீங்கள் எழ வேண்டும். கொஞ்ச நாளில் பார்க்காமலே தெரியும். ஆனால் பார்த்துக் கற்ற அந்த நாட்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் மாணவர் அங்கேதான் நிற்கப்போகிறார்.

படி 4: வாயை மூடி, கண்ணைத் திறங்கள்

நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் வகுப்பு நடத்தும்போது ஓரமாக நில்லுங்கள். கையில் ஒரு நோட்டு. சவாரிக்காரரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எங்கே உடைகிறது? குதிகால் மேலே ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற தவறு. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும்: பயத்தில் தொடையை இறுக்கியிருப்பார், தொடை இறுகினால் முழங்கால் ஏறும், முழங்கால் ஏறினால் குதிகால் ஏறும். “குதிகாலை இறக்கு, குதிகாலை இறக்கு” என்று பத்து தடவை கத்தினாலும் இறங்காது.

எட்டு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். இரண்டாவது வகுப்பு. லகானை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான், முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் கை, முதுகு, பார்வை, குதிகால் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் இன்னும் கொஞ்சம் விறைத்தான். குதிரை நின்றேவிட்டது. ஓரத்தில் நின்ற மூத்த பெண் பயிற்சியாளர் உள்ளே வந்து அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “உனக்கு எந்தப் பாட்டுத் தெரியும்?” அவன் பாட ஆரம்பித்தான். பாட வேண்டுமானால் மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டால் தோள் இறங்கும். தோள் இறங்கினால் லகான் தளரும். அரை வட்டம் முடிவதற்குள் குதிரை தானாக நடந்தது. குதிகாலும் இறங்கியிருந்தது. அன்றைக்கு என் நோட்டில் எழுதியது: ‘ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்.’

படி 5: ஒரு வகுப்பைத் திட்டமிடுங்கள்

ஆரம்பநிலை மாணவருக்கு அரை மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு முன்னால் ஹெல்மெட் பட்டை, குதிகால் வைத்த ஷூ, சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் வயிற்றுப்பட்டை மூன்றையும் நீங்களே தொட்டுப் பாருங்கள், கேட்டால் போதாது. சில குதிரைகள் சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். ஏறிச் சில நிமிடம் நடந்ததும் பட்டை தளர்ந்திருக்கும். திரும்ப இறுக்க வேண்டும். அங்கவடியின் (கால் வைக்கும் வளையத்தின்) நீளத்துக்குத் தோராயக் கணக்கு: கையை நீட்டி, விரல் நுனி சேணத்தில் அங்கவடி வார் தொடங்கும் இடத்தில் இருந்தால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும்.

மைதானம் வழக்கமாக 20 மீட்டருக்கு 40 மீட்டர். சுற்றிலும் ஏ, கே, இ, எச், சி, எம், பி, எஃப் என்று எழுத்துப் பலகைகள் இருக்கும். “அந்தப் பக்கம் திரும்பு” என்பதைவிட “பி-யில் திரும்பு” என்பது மாணவருக்கும் உங்களுக்கும் வசதி.

முதல் சில நிமிடம் நடையும் நிறுத்தமும். பிறகு அன்றைய ஒரே இலக்கு. உதாரணமாக, ட்ராட்டில் ஐந்து தடவை விடாமல் எழுந்து உட்காருவது. கடைசியில் லகானைத் தளர்த்தி நடக்கவிட்டு, “இன்றைக்கு எது மாறியது?” என்று மாணவரையே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் அடுத்த வகுப்பு இருக்கிறது.

திட்டம் கலையும். மழை வரும், குதிரை நொண்டும், மாணவர் காலையில் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு வந்திருப்பார். இரண்டாவது திட்டம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

படி 6: காகித வேலை

முதலுதவிச் சான்றிதழ், குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை, காப்பீடு. சொசைட்டியின் அங்கீகாரம் பெற்ற தொழில்முறைப் பயிற்சியாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க இவையெல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். அவ்வப்போது மேல்பயிற்சிக்கும் போக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் தனியாகத் தொழில் செய்பவர் காப்பீடு இல்லாமல் ஒரு மாணவரைக்கூட ஏற்றக் கூடாது.

படி 7: தேர்வு நாள்

என் முதல் கற்பித்தல் தேர்வில் தோற்றேன். குழுவாக நான்கு பேர். மைதானத்தின் நட்டநடுவில் நின்று, முன்னால் போகிற பெண்ணின் கையைத் திருத்துவதில் மூழ்கிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் நான்காவது ஆளின் குதிரை முன்னே போன குதிரையின் வாலை முட்டும் அளவுக்கு நெருங்கியிருக்கிறது. தேர்வாளர்தான் நிறுத்தச் சொன்னார். உதை விழவில்லை, அதிர்ஷ்டம். பயிற்சியாளர் எங்கே நிற்கிறார் என்பதும் பாடத்தின் பகுதி: நான்கு பேரும் எப்போதும் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள், ஒருவரைத் திருத்தும்போதும் மற்ற மூவரை ஓரக்கண்ணால் பாருங்கள். இரண்டாவது முறை தேர்ச்சி பெற்றேன். அந்த முறை நான் பேசியது பாதிதான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன்?

பணத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனவரி மாதம் பனியில் குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கும்போது வாளி தூக்குகிற வேலையில் பெரிய பணம் இல்லை. என்னுடன் வேலை செய்தவர்களைக் கவனித்ததில், குதிரை மேல் உள்ள பிரியத்துக்காக மட்டும் வந்தவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு மாணவர் என்பவர் குதிரையின் வாயைப் புண்ணாக்குகிற ஆள். மனிதர்களையும் பிடித்திருந்தால்தான் இந்த வேலையில் நிற்க முடியும்.

டெசி, ரயன் என்ற இரு உளவியலாளர்கள் மனிதரின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, திறமை வளர்கிறது என்ற உணர்வு, பிறரோடு உறவு. எங்கள் தொழிலுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. வகுப்பை எப்படி நடத்துவது என்று நாமே முடிவு செய்யவிடுகிற லாயங்களில் ஆட்கள் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். மணிக்கு ஒரு குழு, கேள்வி கேட்காதே என்கிற இடங்களில் ஒரு குளிர்காலம் தாண்டுவதில்லை. முதுகு போய் இனி ஏறவே முடியாத ஒருவர் எங்களோடு இருந்தார். “நான் ஏறினால் ஒரு குதிரை ஓடும், நான் சொல்லிக்கொடுத்தால் நாற்பது ஓடும்” என்பார்.

இன்னொரு வகை ஊக்கத்தை நேரில் பார்க்க விரும்பினால், மாற்றுத்திறனாளிகளைக் குதிரை ஏற்றும் ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேருங்கள். 1969-இல் தொடங்கிய அமைப்பு. இந்த இயக்கத்துக்கு உந்துதலாக இருந்தவர்களில் ஒருவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல். 1944-இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பிறகும் திரும்பக் குதிரை ஏறி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரையைச் செய்யவைத்துக் காட்டும்) போட்டியில் வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் உதவி வேண்டியிருந்தது. பெண்கள் ஆண்களோடு அந்தப் போட்டியில் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுமி, சேணத்தில் உட்கார்ந்ததும் முதலில் செய்வது எங்கள் எல்லோரையும் மேலிருந்து கீழே பார்ப்பது. வாரம் முழுக்க அண்ணாந்து பார்த்த பிள்ளை அவள்.

இந்தியாவில் இருந்தால்

தேசிய அமைப்பு இந்தியக் குதிரையேற்றச் சம்மேளனம். சர்வதேசச் சம்மேளனமான எஃப்.இ.ஐ.யின் பயிற்சியாளர் படிப்புகள் லெவல் 1, 2, 3 என்று அந்தந்த நாட்டுச் சம்மேளனம் வழியாக நடக்கின்றன. அடுத்தது எப்போது என்று அங்கே விசாரியுங்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-இல் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். அந்த அணியில் இருந்த அனுஷ் அகர்வாலா ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள பயிற்சியாளரிடம் கற்றவர். உள்ளூரிலேயே நல்ல பயிற்சியாளர்கள் பெருகினால் எத்தனை பேருக்கு விமானச் செலவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், முதல் நாள் லாயத்துக்குப் போகும்போது நல்ல ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். ரப்பர் பூட்ஸ், மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, சட்டைப்பையில் ஒரு கேரட். கேரட்டை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும். கொடுக்கும் முன் அங்கே இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.